தொகைநிலையிலிருந்து தொடர்நிலைக்கு: பாடல்தொகை இசைநாடகங்களும் அவையின் எதிர்பார்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

முன்பே புகழ்பெற்ற பாடல்களைக் கோத்து அமைக்கப்படும் இசைநாடகத்தைக் காண வருவோர் அப்பாடல்களை நன்கு அறிந்தவர்கள். ஆகவே அவர்களது எதிர்பார்ப்பு, என்ன பாடப்படும் என்பதைவிட, அது யார் கூற்றாக எச்சூழலில் பாடப்படும் என்பதையே பற்றி நிற்கிறது. தமிழ்ச் செய்யுளியலின் முத்தகம், தொகைநிலை, தொடர்நிலை ஆகிய பாகுபாட்டையும் அகமரபின் கூற்று என்னும் கருத்தாக்கத்தையும் கருவியாகக் கொண்டு, லண்டனிலும் நியூயார்க்கிலும் அரங்கேறிய நான்கு நாடகங்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பாடலுக்குப் புதிய கூற்றை வழங்கும்போது கேட்போர் உள்ளத்திலுள்ள பழைய கூற்றை அழிக்காத நாடகமே இவ்வகைமையில் கலைப்பெறுமானம் எய்துகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: இசைநாடகம், பாடல்தொகை, கூற்று, எதிர்பார்ப்பு, பாப் டிலன், கானர் மெக்ஃபர்சன்.

முன்னுரை

நாணயம் இட்டால் விரும்பிய பாடலை ஒலிக்கும் பொறிக்கு ஜூக்பாக்ஸ் என்று பெயர். ஒரு பாடலாக்குநரின் அல்லது இசைக்குழுவின் புகழ்பெற்ற பாடல்களைக் கொண்டு பின்னர் கதை புனைந்து அமைக்கப்படும் மேடைப்படைப்பை ஆங்கில நாடக உலகம் 'ஜூக்பாக்ஸ் இசைநாடகம்' என்று அழைக்கிறது. இப்பெயரிலேயே ஓர் ஏளனம் உள்ளது. காசு கொடுத்தவர்க்குப் பழைய இன்பத்தைத் திருப்பித் தரும் பொறி என்பதே அதன் உட்பொருள். இக்கட்டுரை இவ்வகைமையைப் பாடல்தொகை இசைநாடகம் என்று குறிக்கிறது. தமிழில் பாடலாசிரியர் என்பது பெரும்பாலும் சொற்களை இயற்றுபவரையே சுட்டுவதால், சொல்லையும் மெட்டையும் ஒருசேர ஆக்குபவரைக் குறிக்கப் பாடலாக்குநர் என்னும் சொல் ஆளப்படுகிறது.

அறிந்த இசையை மேடைக்குக் கொண்டுவருவது புதிய வழக்கமன்று. 1728இல் லண்டனில் அரங்கேறிய ஜான் கேயின் 'பிச்சைக்காரர் ஆபரா' மக்கள் அறிந்த மெட்டுகளுக்குப் புதிய சொற்களை இட்டு அமைந்தது. தமிழ் நாடக மேடை அறிந்த வர்ணமெட்டு முறைக்கு இது ஒப்பானது. அங்கு மெட்டு பழையது; சொல் புதியது. பாடல்தொகை இசைநாடகத்திலோ மெட்டும் சொல்லும் பழையவை; பாடுவோரும் சூழலும் மட்டுமே புதியவை. இவ்வேறுபாடே இவ்வகைமையின் சிக்கல் அனைத்திற்கும் அடிப்படை.

முத்தகமும் கூற்றும்

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கிறது. தனித்து நின்று பொருள் முற்றுவது முத்தகம். அவ்வாறு முற்றியவை ஒருங்கு திரட்டப்படுவது தொகைநிலை. ஒன்றோடொன்று தொடர்ந்து பொருள் தருவது தொடர்நிலை. மூன்று அல்லது நான்கு நிமிட அளவில் இசைத்தட்டுக்கென ஆக்கப்பட்ட பாடல் ஒரு முத்தகம். ஒருவர் வாழ்நாளில் ஆக்கிய பாடல்களின் திரட்டு தொகைநிலை. அதனைத் தொடர்நிலையாக்க முயல்வதே பாடல்தொகை இசைநாடகம்.

இம்முயற்சியில் நாடகாசிரியர் செய்யும் முதற்பணி கூற்று வகுத்தல். சங்க அகப்பாடல்களோடு வழங்கும் கூற்றுக் குறிப்புகள், இன்னார் இன்னாரிடம் இச்சூழலில் கூறியது எனப் பாடலுக்கு வெளியிலிருந்து சூழலைத் தருகின்றன. அகப்பாடல் தன் மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறுவதில்லை. அதனால்தான் அதற்குக் கூற்று வகுக்க இடமுண்டு. வெகுமக்கள் பாடலில் வரும் 'நான்', 'நீ' ஆகியவையும் பெரும்பாலும் பெயரற்றவை. கேட்பவர் ஒவ்வொருவரும் அவ்விடங்களில் தம்மையும் தம்மவரையும் வைத்துக்கொள்கின்றனர். நாடகாசிரியர் கூற்று வகுக்கத் தொடங்குமுன்பே அவையில் அமர்ந்திருப்போர் தத்தமக்கு ஒரு கூற்றை வகுத்து முடித்துவிடுகின்றனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

காத்திருக்கும் அவை

ஒரு படைப்பை வாசகர் வெற்றுள்ளத்தோடு அணுகுவதில்லை என்பதை விளக்க ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் 'எதிர்பார்ப்பின் அடிவானம்' என்னும் கருத்தை முன்வைத்தார். நாடகமேடை நினைவுகளால் நிறைந்த இடம் என்பதை மார்வின் கார்ல்சன் 2001இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். பாடல்தொகை இசைநாடகத்தில் இவ்விரு கருத்துகளும் தீவிரம் பெறுகின்றன. நாடகம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே ஆர்வலர் எந்தப் பாடல் இடம்பெறும், எது விடுபடும், எதனால் நாடகம் முடியும் என்று கணிக்கத் தொடங்குகின்றனர். கதையை அறியாத நிலையிலும் அவர்கள் நாடகத்தின் பெரும்பகுதியை அறிந்தவர்களாகவே அரங்கினுள் நுழைகின்றனர்.

இவ்வெதிர்பார்ப்பு நிலையானதும் அன்று. டேவிட் போவியின் பாடல்களைக் கொண்டு அவரும் எண்டா வால்ஷும் எழுதிய 'லாசரஸ்' 2015 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது. நாடகம் நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே, 2016 ஜனவரி 10இல் போவி காலமானார். மேடையில் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆயினும், இறக்க இயலாத ஒருவனைப் பற்றிய அந்நாடகம் அடுத்த நாள் முதல் வேறொரு நாடகமாயிற்று. அவையின் நினைவும் நாடகப் பனுவலின் ஓர் உறுப்பு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிறைவேறும் எதிர்பார்ப்பு: 'மாமா மியா'

இவ்வகைமையின் வணிக வெற்றிக்கு அளவுகோலாக அமைந்தது 'மாமா மியா'. ஆபா குழுவின் பெனி ஆண்டர்சன், பியோர்ன் உல்வேயஸ் ஆகியோரின் பாடல்களுக்குக் கேத்தரின் ஜான்சன் கதை அமைத்தார். 1974 ஏப்ரல் 6இல் யூரோவிஷன் போட்டியில் ஆபா வென்றதன் 25ஆம் ஆண்டு நிறைவு நாளான 1999 ஏப்ரல் 6இல் அது லண்டனில் அரங்கேறியது. நாளின் தெரிவே அவையின் நினைவை நோக்கிய அழைப்பாகும். நியூயார்க்கின் பிராட்வேயில் 2001 முதல் 2015 வரை 5,773 காட்சிகள் நடைபெற்றன.

இந்நாடகத்தில் உரையாடல் பாடலின் முதலடியை நோக்கி நகர்கிறது. துயருற்ற டோனாவைத் தோழியர் இருவர் தேற்ற முற்படும்போதே அடுத்து வரும் பாடலை அவை ஊகித்துவிடுகிறது. ஊகம் மெய்ப்படும் கணத்தில் எழுவது சிரிப்பு. அது நகைச்சுவையால் எழும் சிரிப்பன்று. அறிந்ததை எதிர்பாரா இடத்தில் கண்ட மகிழ்ச்சி. இதனைச் சில திறனாய்வாளர் எளிய உத்தி என்று ஒதுக்குவர். ஆனால் பள்ளிக்குச் செல்லும் சிறுமியைக் கண்டு தாய் ஏங்கும் பாடல், மணக்கோலம் பூணும் மகளின் அருகிலிருக்கும் தாயின் கூற்றாக மாறும் இடத்தில் இவ்வுத்தி ஆழம் பெறுகிறது. பழைய சூழல் அழியாமல் புதிய சூழலுக்கு அடியில் நிற்கிறது. பள்ளி செல்லும் சிறுமியையும் மணமகளையும் அவை ஒருங்கே காண்கிறது.

ஒருவரே இயக்கிய இரு நாடகங்கள்

நடன அமைப்பாளர் ட்வைலா தார்ப் இவ்வகைமையில் இரு நாடகங்களை உருவாக்கினார். பில்லி ஜோயலின் பாடல்களைக் கொண்ட 'மூவின் அவுட்' 2002இல் பிராட்வேயில் தொடங்கி 1,303 காட்சிகள் கண்டது. பாப் டிலனின் பாடல்களைக் கொண்ட 'த டைம்ஸ் தே ஆர் எ-சேஞ்சிங்' 2006 அக்டோபர் 26இல் தொடங்கி 28 காட்சிகளோடு நவம்பர் 19இல் நின்றது.

இவ்வேறுபாட்டைப் பாடலாக்குநரின் புகழால் விளக்க இயலாது. முதல் நாடகத்தில் ஆடுவோர் பாடவில்லை. மேடைக்கு மேலமைந்த தளத்தில் பியானோ இசைப்பவரே பாடல்களைப் பாடினார். கீழே, வியட்நாம் போரால் சிதைந்த இளைஞர்களின் கதை நடனமாக நிகழ்ந்தது. கதை மாந்தர் சிலரின் பெயர்களும் ஜோயலின் பாடல்களிலிருந்தே எடுக்கப்பட்டவை. குரலும் உடலும் பிரிந்து நின்றமையால் அவையின் நினைவுக்கு இடைவெளி கிட்டியது. இரண்டாம் நாடகமோ ஊர் ஊராகச் செல்லும் ஒரு சர்க்கஸ் குழுவைக் களமாகக் கொண்டு, டிலனின் உருவகங்களுக்குக் கண்ணுக்குப் புலனாகும் வடிவம் தர முயன்றது. உருவகம் காட்சியானவுடன் கேட்போர் தம் மனத்தில் வைத்திருந்த எண்ணற்ற பொருள்கள் ஒன்றாகச் சுருங்கின. எதிர்பார்ப்பை நிறைவேற்றாமையைவிட, அதற்கு இடமே தராமை அந்நாடகத்தின் பெருங்குறை.

டுலூத் விடுதி: 'கேர்ள் ஃப்ரம் த நார்த் கன்ட்ரி'

அயர்லாந்து நாடகாசிரியர் கானர் மெக்ஃபர்சன் எழுதி இயக்கிய இந்நாடகம் 2017 ஜூலையில் லண்டனின் ஓல்ட் விக் அரங்கில் தொடங்கியது. டிலனுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு அது. எதிர்ப்புப் பாடல்களின் குரலாக அவரை அறிந்த அவை எதை எதிர்பார்த்திருக்கும் என்பதை ஊகிப்பது எளிது. ஆயினும், 1960களின் புகழ்மிக்க எதிர்ப்புப் பாடல்களை மெக்ஃபர்சன் பெரும்பாலும் விலக்கினார். மாறாக, 1970களின் இறுதியிலும் 1980களிலும் வெளிவந்து குறைவாகப் பேசப்பட்ட பாடல்கள் பலவற்றைச் சேர்த்தார்.

கதைக்களம் டிலன் பிறந்த மின்னசோட்டாவின் டுலூத் நகரம். காலம் 1934, அதாவது அவர் பிறப்பதற்கு 7 ஆண்டுகளுக்கு முந்தைய பொருளாதாரப் பெருமந்தக் காலம். கடனில் மூழ்கிய நிக் லேனின் விடுதியில் வீடிழந்தோரும் வழிதவறியோரும் தங்குகின்றனர். சைமன் ஹேலின் இசைக்கோவை பாடல்களை அக்காலத்து இசைக்கருவிகளுக்கு உரியனவாக மாற்றியது. மாந்தர் பலவிடங்களில் கதையை விட்டு விலகி, ஒலிவாங்கியின் முன் வந்து பாடுகின்றனர். பாடல் கதையை நகர்த்துவதில்லை. கதை மாந்தர் சொல்ல இயலாததைச் சொல்கிறது.

இரு இடங்கள் சான்றாகும். காதலி வேறொருவரை மணக்கவிருப்பதாகக் கூறிப் பிரியும் காட்சியில், 1966இன் துள்ளலான காதற்பாடல் ஒன்று மிக மெதுவான இணைப்பாடலாக ஒலிக்கிறது. மெட்டின் வேகம் மாறியதால் பாடலை அடையாளங்காண அவைக்குச் சற்று நேரம் பிடிக்கிறது. அக்கண நேரத் தாமதத்தில் வேட்கை இழப்பாகிறது. மற்றொன்று 'லைக் எ ரோலிங் ஸ்டோன்'. 1965இன் இசைத்தட்டில் அது வீழ்ச்சியுற்ற ஒருத்தியை முன்னிலைப்படுத்தி எள்ளும் ஆண்குரல். நாடகத்தில் அதனைப் பாடுபவர் நினைவு பிறழ்ந்த எலிசபெத். எள்ளப்பட்டவளின் இடத்திலிருந்தே பாடல் எழும்போது, முன்னிலை யாரைச் சுட்டுகிறது என்பது தெளிவற்றதாகிறது. தன்னையா, கணவனையா, அவையையா என்ற வினா விடையின்றி நிற்கிறது. டிலனின் பழைய குரலை அறிந்தவர்க்கே இத்திருப்பத்தின் முழு வன்மை புலப்படும்.

பெயர் சுட்டிய பாடலின் எல்லை

இந்நாடகமும் குறையற்றதன்று. மாந்தர் பலராதலின் அவர்களுள் சிலரது கதை கோட்டோவியமாகவே நின்றுவிடுகிறது. இதனினும் கருதத்தக்க குறை 'ஹரிக்கேன்' பாடலின் பயன்பாட்டில் உள்ளது. குத்துச்சண்டை வீரர் ரூபின் கார்ட்டர் செய்யாத கொலைக்குத் தண்டிக்கப்பட்டார் என்று வாதிட்டு 1975இல் வெளிவந்த பாடல் அது. நாடகத்தில் ஜோ ஸ்காட் என்னும் கறுப்பினக் குத்துச்சண்டை வீரரும் செய்யாத குற்றத்திற்குச் சிறை சென்றவர். மற்ற பாடல்களில் கூற்றைத் திறந்து வைத்த ஆசிரியர் இங்கு மட்டும் பொருத்தத்தை நேர்ப்படுத்துகிறார். அகமரபின் சொல்லால் கூறின், இது பெயர் சுட்டிய பாடல். அது புறத்தின் இயல்பினது. வேறொருவர் கூற்றாக எளிதில் மாறாது. ஜோ ஸ்காட் அப்பாடலுக்குப் புதிய பொருள் தருவதற்கு மாறாக, கார்ட்டரின் நிழலாகிவிடுகிறார்.

அவை ஒன்றன்று

நினைவை மூலதனமாகக் கொள்ளும் நாடகம், அந்நினைவு யாருடையது என்னும் வினாவையும் எதிர்கொள்ள வேண்டும். ஏ.ஆர். ரகுமானின் இசையில் 2002இல் லண்டனில் அரங்கேறிய 'பாம்பே டிரீம்ஸ்' முழுமையான பாடல்தொகை நாடகமன்று. ஆயினும் 'முதல்வன்' (1999) படத்தின் 'ஷக்கலக்க பேபி', 'தில் சே' (1998) படத்தின் 'சைய்ய சைய்யா' ஆகியவை அதில் இடம்பெற்றன. 'தில் சே'யின் தமிழ் வடிவமான 'உயிரே'வை அறிந்தவர்க்கும், ரகுமானை முதன்முறை கேட்டவர்க்கும் அம்மேடையில் நிகழ்ந்தது ஒன்றன்று. ஒருசாரார்க்கு அது மீட்சி, மறுசாரார்க்கு அறிமுகம். எனவே இவ்வகைமையின் திறனாய்வு, அவையை ஒருபடித்தானதாகக் கொள்வது பொருந்தாது.

முடிவுரை

2020 டிசம்பரில் டிலன் தம் 600க்கும் மேற்பட்ட பாடல்களின் உரிமையை யுனிவர்சல் நிறுவனத்திற்கு விற்றதாக அறிவிக்கப்பட்டது. பாடல்தொகை ஒருபுறம் சொத்து. மறுபுறம் கேட்டோர் வாழ்வோடு கலந்த நினைவு. சொத்துரிமை கைமாறலாம், பாடலைக் கேட்டவர் தமக்கென வகுத்துக்கொண்ட கூற்று கைமாறுவதில்லை. காத்திருக்கும் அவைக்கு அதன் நினைவையே விலைக்கு விற்பதாக இவ்வகைமைமீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று. ஆனால் அது எல்லா நாடகங்களுக்கும் ஒருசேரப் பொருந்துவதுமன்று. பழைய பாடல் என்பதால் நாடகம் தாழ்வதில்லை. பாடலின் பொருளை ஒரே சூழலில் பூட்டும்போதே தாழ்கிறது. தொகைநிலையைத் தொடர்நிலையாக்கும்போதும் ஒவ்வொரு பாடலையும் முத்தகமாகவே நிற்கவிட்ட இடங்களில்தான் மேற்கண்ட நாடகங்கள் அவையின் காத்திருப்பிற்குத் தகுதியுடையனவாகின்றன. புதிதாக அறிவிக்கப்படும் எந்தப் பாடல்தொகை நாடகத்தையும் இவ்வளவுகோலால் அளப்பது திறனாய்விற்குப் பயன் தரும்.