அலறல் உண்டு, ஆவி இல்லை!

பேய்ப் படமொன்றின் முன்னோட்டத்திற்குப் பணி ஒன்றே ஒன்றுதான்: பார்ப்பவனைக் கொட்டகைக்கு இழுத்துவர வேண்டும். பொருள் படைத்தோர் அதற்குக் கோர முகங்களைக் காட்டுவர். குருதியை ஆறாக ஓடவிடுவர். பொருளற்றவன் எதைக் காட்டுவான்? இந்தக் கேள்விக்கு விடை கண்ட முன்னோட்டமொன்றை எடைபோட்டுப் பார்ப்போம்.

கணினி விளையாட்டுகளுக்கு நிரல் எழுதிவந்தவர் ஓரன் பெலி. அமெரிக்காவின் சான்டியாகோ நகரில், தம் சொந்த வீட்டையே களமாக்கி, ஏறத்தாழ 15,000 டாலர் செலவில் அவர் எடுத்த படம் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'. படுக்கையறையில் நிறுத்திய காமிரா, உறங்கும் காதலர் இருவர், தானே அசையும் கதவு! அதன் மூலதனம் இவ்வளவே. 2007இல் விழாவொன்றில் திரையேறிய அப்படத்தைப் பாரமவுண்ட் நிறுவனம் 2009இல் வெளியிட்டது.

அப்போது வந்த முன்னோட்டம் செய்ததென்ன? கொட்டகை வாயிலில் வரிசையாக நின்ற மக்களைக் காட்டிற்று. பின்னர், இருளிலும் காணவல்ல காமிராவால், உள்ளே அமர்ந்திருந்தோரின் முகங்களைக் காட்டிற்று. ஒருவர் கண்ணைப் பொத்துகிறார், மற்றவர் துள்ளி எழுகிறார், அரங்கமே அலறுகிறது! இடையிடையே படத்தின் துணுக்குகள். "எங்கள் ஊருக்கும் வருக" எனக் கேட்குமாறு பொதுமக்களுக்கு அழைப்பு வேறு! பத்து லட்சம் பேர் கேட்டால் நாடெங்கும் திரையிடுவோம் என்றது நிறுவனம். கேட்டனர், வந்தது. உலகெங்கும் 19 கோடி டாலருக்கு மேல் குவிந்தது.

வெற்றியா? ஐயமின்றி வெற்றியே! காரணம் என்ன? வகுப்பறையில் ஒரு மாணவன் "பாம்பு!" என்று கூவட்டும், பாம்பைக் காணாத நாற்பது பேரும் பலகைமேல் ஏறி நிற்பர். அச்சம் கண்வழி வருவதைவிட, அடுத்தவன் முகத்தின் வழியே விரைந்து வருகிறது. அந்த மனித இயல்பை அறிந்து, முகங்களையே விளம்பரமாக்கியது அந்த முன்னோட்டம். மலிவான வழி; ஆனால் மதிநுட்பம் வாய்ந்த வழி!

நேர்மையானதா என்பது அடுத்த கேள்வி. 1999இல் 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' படத்தார், நடித்தவர்களையே "காணவில்லை" எனத் துண்டறிக்கை அடித்து வழங்கினர். கதையை மெய்யென்று நம்பவைத்த சூழ்ச்சி அது. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யும் அக்குற்றத்திலிருந்து தப்பவில்லை. நடிகர்களின் சொந்தப் பெயரையே பாத்திரங்களுக்குச் சூட்டி, அவர்தம் குடும்பத்தாருக்கும் காவல்துறைக்கும் நன்றி கூறிக்கொண்டு படம் தொடங்குகிறது. முன்னோட்டமோ கொட்டகையைக் காட்டுகிறது, நாற்காலிகளைக் காட்டுகிறது, "இது சினிமா" என்று தன்னை அறியாமலே ஒப்புக்கொள்கிறது. படத்தைவிட முன்னோட்டம் நேர்மையானது என்பது விந்தையன்றோ!

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அம்முகங்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவை. கொட்டாவி விட்டவன் ஒருவன் அங்கு இருந்திருப்பின், அவன் முகம் கத்தரிக்கோலுக்கு இரையாகியிருக்கும். அலறியவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தி, "பார்த்தீரா, எத்தனை பேர்!" என்று கேட்பது விளம்பரத்துக்குப் பொருந்தும், உண்மையை நிறுவுவதற்குப் பொருந்தாது. பேயைக் கண்டதாகச் சொல்பவனைச் சுற்றி ஊர் கூடுகிறதே, அங்கும் நடப்பது இதுதான். சாட்சிகள் ஆயிரம்; அவர்கள் கண்டது ஒருவர் அச்சத்தை மற்றவர்!

இளைஞர்களே, அந்த முன்னோட்டத்தைப் பாருங்கள். அதன் திறத்தைப் பாராட்டுங்கள். பார்த்து முடித்ததும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நான் அஞ்சியது எதைக் கண்டு?