120 பக்கம், நடுவில் ஓர் ஓட்டை!

1596-ல் இங்கிலாந்தில் நடந்த சம்பவம் இது. சான்ஸரி கோர்ட்டில் ஒருவர் 120 பக்கத்துக்கு ஒரு பதில் மனு தயாரித்துக் கொடுத்தார். பதினாறு பக்கத்தில் முடித்திருக்கலாமே என்று நீதிபதிக்குக் கோபம். என்ன தண்டனை கொடுத்தார் தெரியுமா? அந்தக் காகிதக் கட்டின் நடுவில் ஓட்டை போட்டு, எழுதியவரின் தலையை அதற்குள் நுழைத்து, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் முழுக்க ஊர்வலம் விடச் சொன்னார். அபராதம் தனி!

அந்தத் தண்டனை இன்றைக்கு நம் ஊரில் அமலுக்கு வந்தால், கோர்ட் வளாகத்தில் வெறும் கழுத்தோடு எத்தனை பேர் நடமாடுவார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

இந்தக் கதையை முதல் அத்தியாயத்திலேயே சொல்லித்தான் ஆரம்பிக்கிறது ரிச்சர்ட் வைடிக் எழுதிய 'ப்ளெய்ன் இங்கிலீஷ் ஃபார் லாயர்ஸ்'. வைடிக், கலிஃபோர்னியாவில் சட்டப் பேராசிரியராக இருந்தவர். 1978-ல் சட்ட இதழ் ஒன்றில் கட்டுரையாக எழுதி, மறு வருடமே புத்தகமாக்கினார். தலையணை சைஸ் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே இது ஒரு நோஞ்சான். ஆனால், விஷயம் கனம்.

'வக்கீல் எப்படி எழுதினால் எனக்கென்ன சார்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம், ஹோம் லோன் பத்திரம், இன்ஷூரன்ஸ் பாலிஸி, அப்பா எழுதிவைத்த உயில்... எழுதுவது அவர்கள், கையெழுத்துப் போடுவது நாம். புரியாத வாக்கியத்துக்கு வட்டி கட்டுவதும் நாம்தான்.

புரியாமல் போனால் என்ன ஆகும்? 2017-ல் நடந்ததைப் பாருங்கள். வீட்டுக்காரருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான ஒரு வழக்கில் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. 'படித்தோம், புரியவில்லை' என்று அதை ரத்து செய்து, திரும்ப விசாரிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே புரியவில்லை! எந்தக் கட்சிக்காரர் மேலும் தப்பில்லை. ஆனால், மறுபடி கோர்ட் வாசலில் நின்றது அவர்கள்தான். அதே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பும் இப்படியே வந்து சேர, தீர்ப்பை எப்படி எழுத வேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் பாடமே எடுத்தது. பிரச்னை என்ன, சட்டம் என்ன, அது இங்கே எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன என்று வரிசையாகச் சொல். பத்திக்கு நம்பர் போடு என்றது. பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டில் வாத்தியார் எழுதும் குறிப்பு மாதிரி இல்லை?

வைடிக் சொல்வதும் இதே எளிமைதான். வாக்கியத்தில் வேலை செய்யும் வார்த்தை எது, வெறும் கோந்து எது என்று பிரி. கோந்தைக் குறை. வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக்கி நீட்டாதே. யார் செய்தார் என்பதை மறைக்காதே. சராசரியாக ஒரு வாக்கியம் 25 வார்த்தையைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு பாடத்தோடும் பயிற்சி உண்டு. படித்தால் மட்டும் போதாது, பென்சில் பிடிக்க வேண்டும்.

இது இங்கிலீஷுக்கு மட்டுமா? நம் நோட்டீஸ் பாஷையில் போட்டுப் பாருங்கள். 'மேற்படி தொகையைச் செலுத்துதலைச் செய்யத் தவறியமையின் காரணத்தினால்...' கோந்தைத் துடைத்தால் மிஞ்சுவது, 'பணம் கட்டாததால்'. 'நடவடிக்கை மேற்கொள்ளப்படும்' என்றால் யார் மேற்கொள்வார்? எப்போது? பதில் இல்லை. பயம் மட்டும் உண்டு.

இந்த ஜவ்வு எங்கிருந்து வந்தது? டேவிட் மெலின்காஃப் என்பவர் 1963-லேயே 'தி லாங்வேஜ் ஆஃப் தி லா' என்று கனமான ஆராய்ச்சி எழுதியிருக்கிறார். இங்கிலாந்து கோர்ட்டுகளில் லத்தீன், பிரெஞ்சு, இங்கிலீஷ் மூன்றும் புழங்கின. எதற்கு வம்பு என்று ஒரே அர்த்தத்துக்கு இரண்டு வார்த்தை போட்டார்கள். 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' அப்படி ஒட்டிக்கொண்ட ஜோடிதான். நம் கதையும் வேறில்லை. வக்காலத்து, ஜாமீன், வாய்தா எல்லாம் அரபு, பாரசீக வழியில் வந்து குடியேறியவை. கிரயப் பத்திரத்தில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்து' என்று வருமே... கேட்க சங்கீதமாகத்தான் இருக்கிறது. அதை நம்பித்தான் வீட்டை வாங்குகிறோம்!

அடுத்தவர் பிரையன் கார்னர். 'பிளாக்ஸ் லா டிக்‌ஷனரி'யின் ஆசிரியர். 2001-ல் வந்த இவருடைய 'லீகல் ரைட்டிங் இன் ப்ளெய்ன் இங்கிலீஷ்' நல்ல புத்தகம். வழக்கின் மையக் கேள்வியை 75 வார்த்தைக்குள், தனித்தனி வாக்கியங்களாகச் சொல் என்கிறார். முடியவில்லை என்றால் வழக்கு உனக்கே இன்னும் புரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியாவோடு சேர்ந்து 2008-ல் அவர் எழுதிய 'மேக்கிங் யுவர் கேஸ்' இன்னும் சுவாரஸ்யம். முன்தீர்ப்பு விவரங்களை அடிக்குறிப்பில் தள்ளலாமா, கூடாதா என்று இரண்டு பேரும் புத்தகத்துக்குள்ளேயே மல்லுக்கட்டுகிறார்கள். இருந்தாலும் என் ஓட்டு வைடிக்குக்கே. கார்னரிடம் விதிகள் ஏராளம். எல்லாவற்றையும் ஞாபகம் வைப்பதற்கே ஒரு ஜூனியர் தேவைப்படும்.

வக்கீல்கள் தரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டும். 'கோர்ட் ஏற்கெனவே அர்த்தம் சொல்லிவிட்ட வார்த்தை இது. மாற்றினால் புது வம்பு.' வாஸ்தவம். 'ரெஸ் ஜுடிகேட்டா' என்ற இரண்டு வார்த்தை ஒரு முழுக் கோட்பாட்டைச் சுமக்கிறது. அது இருக்கட்டும். ஆனால், அப்படிப்பட்ட சொற்கள் கொஞ்சம்தான். 'மேற்படி', 'ஹியரின்ஆஃப்டர்' எல்லாம் அந்த வரிசையில் வராது. அவை பழக்கதோஷம்.

குறை என்று சொன்னால் ஒன்று. இந்தப் புத்தகங்கள் எல்லாமே இங்கிலீஷில் யோசித்து இங்கிலீஷில் எழுதுகிறவருக்கானவை. நம் வக்கீல் நிலைமை வேறு. கட்சிக்காரர் தமிழில் அழுகிறார். அதை அவர் இங்கிலீஷ் அஃபிடவிட்டாக மாற்றுகிறார். அந்த வழியில் எது தொலைந்தது, எது கூடுதலாக ஏறியது என்று கட்சிக்காரருக்குத் தெரியாது. அடியில் கையெழுத்து மட்டும் அவருடையது. இந்த இடைவெளியைப் பற்றி வைடிக்கிடம் ஒரு வரி கிடையாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் புத்தகத்தை எழுத வேண்டியவர் நம் கோர்ட்டுகளில் பழகிய ஒருவர்தான். பார் கவுன்சில் பெரியவர்கள் யாராவது மனசு வைக்கலாம்.

அதுவரை உங்களுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை பத்திரத்தை நீட்டி 'இங்கே ஒரு கையெழுத்து' என்றால், பேனாவை மூடியே வைத்திருங்கள். நான்கு கேள்வி கேளுங்கள். யார் செய்யணும்? எவ்வளவு? எப்போதுக்குள்? செய்யாவிட்டால் என்ன?

நான்குக்கும் நாலு வரியில் பதில் சொல்கிற வக்கீல் கிடைத்தால் விடாதீர்கள். சொல்லத் தெரியாதவர் என்றால், வைடிக் புத்தகத்தை வாங்கி அன்பளிப்பாகக் கொடுங்கள். முதல் அத்தியாயத்தில், அந்த ஓட்டைக் கதை வரும் பக்கத்தில், மறக்காமல் ஓர் அடையாளம் வைத்து!