சத்தம் சாட்சியாகாது

புகைக்குழாய்களை இணைக்க எக்ஸ் பைப் நல்லதா, எச் பைப் நல்லதா என்ற வாதம் அமெரிக்க வி8 கார்க்காரர்களுடையது. யூடியூப் வழியாக அது இப்போது நம் பக்கத்துக் கராஜ்களுக்கும் வந்துவிட்டது. மட்டக்களப்பு–திருகோணமலை ஏ15 வீதியில் மாங்கேணியைக் கடந்துபோகும் வாகனங்களில் வி8 காரைக் காண்பது அரிது. அங்கே ஓடுபவை பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள்கள். ஆனால் அந்த வண்டிகளின் சைலன்சரைக் கழற்றுகிறவர் சொல்லும் நியாயம் வி8 காரரிடமிருந்து கடன் வாங்கியதுதான்: சத்தம் மாறியிருக்கிறது, ஆகவே பவர் கூடியிருக்கிறது. 2025இன் தொடக்கத்தில் அரசின் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ நடவடிக்கையில் பொலிஸார் இரைச்சல் சைலன்சர்களைக் கழற்ற வைத்தபோதும் இதே நியாயம்தான் முன்வைக்கப்பட்டது. அந்த நியாயம் பிறந்த இடத்திலேயே பிழையானது.

வி8 எஞ்சினில் பக்கத்துக்கு நான்காக நிற்கும் சிலிண்டர்களின் இரண்டு வரிசைப் புகைக்குழாய்களையும் இணைப்பதில் நன்மை இருக்கிறது. அதை மறுக்க முடியாது. குறுக்கே ஒரு சிறு குழாயால் பாலம் போடுவது எச். இரண்டையும் வளைத்து நடுவில் ஒட்டிப் பிரிப்பது எக்ஸ். எச் அடித்தொண்டை உறுமலைக் காப்பாற்றுகிறது, செய்வதற்கும் மலிவு. எக்ஸில் வாயு வேகமிழக்காமல் திரும்புவதால் உயர்ந்த சுழற்சியில் கொஞ்சம் கூடுதல் பயன் கிடைக்கும். இவ்வளவில் இரு கட்சியும் சொல்வது சரி.

ஆனால் அந்தப் பாலம் ஏன் தேவைப்பட்டது என்று இரு கட்சியும் கேட்பதில்லை. காரணம் கிராங்கில் இருக்கிறது. அமெரிக்க வி8இன் கிராங்க் ஊசிகள் 90 பாகை இடைவெளியில் சிலுவை போல நிற்பவை. முழு எஞ்சினையும் பார்த்தால் 90 பாகைக்கு ஒரு வெடிப்பு, ஒழுங்காக வரும். ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களை மட்டும் பார்த்தால் இடைவெளி 270, 180, 90, 180 என்று தடுமாறும். 90 பாகை இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கும் இரண்டு சிலிண்டர்களின் புகை ஒரே குழாயில் முட்டிக்கொள்ளும்போது மறுபக்கக் குழாய் காலியாகக் கிடக்கும். அந்த நெருக்கடிக்கு ஒரு வழி திறந்துவிடுவதே பாலத்தின் வேலை. ஃபெராரி 458 போலத் தட்டைக் கிராங்க் உள்ள வி8இல் ஒவ்வொரு பக்கமும் 180 பாகைக்கு ஒருமுறை சீராக வெடிப்பதால் இந்தத் தேவை மிகக் குறைவு. 1960களின் ஃபோர்ட் ஜீடி40 ஓட்டக் கார் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இரண்டு குழாய்களை எதிர்ப்பக்கத்துக்கு அனுப்பி, பாம்புக் கூட்டம் போலப் பின்னி, ஒவ்வொரு குழாய்க் கூட்டிலும் புகை வரும் இடைவெளியையே சமப்படுத்தினார்கள். அந்தக் குழாயமைப்பு கிராங்கைப் படித்தவர்கள் செய்தது.

என் ஆட்சேபம் இந்த ஒப்பீடுகள் நடக்கும் முறை மீதுதான். சூடான புகையில் அழுத்த அலை விநாடிக்கு ஏறத்தாழ 500 முதல் 600 மீட்டர் ஓடுகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 90 பாகை திரும்ப 2.5 மில்லி விநாடி ஆகும். அதற்குள் அலை ஒன்றரை மீட்டர் அளவுக்குப் போய்விடும். 3,000 சுற்றில் அதே 90 பாகைக்குள் அது இரட்டிப்புத் தூரம் போகும். ஆகவே பாலம் எக்ஸா எச்சா என்பதைவிட, எஞ்சினிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பெரிய கேள்வி. பழைய அமெரிக்க மெக்கானிக்குகள் குழாயில் பெயின்ட் பூசி எஞ்சினை ஓட்டி, பெயின்ட் கருகி நிற்கும் இடத்தைப் பார்த்து அங்கே எச்சை வெல்டிங் செய்தார்கள். கரடுமுரடான சோதனைதான், ஆனாலும் அது சரியான கேள்வியைக் கேட்டது. இன்றைய ஒப்பீடோ இரண்டு கடைச் சரக்கைப் பூட்டி, வலுவை அளக்கும் டைனோ மேடையில் உச்சக் குதிரைவலுவை மட்டும் படித்து, ஒரு சத்தக் காணொளியோடு முடிகிறது. 400 குதிரைவலு எஞ்சினில் நான்கு குதிரைவலு கூடியது என்றால், அது ஒரு வீதம். எதையும் மாற்றாமல் அதே காரை அதே மேடையில் இரண்டாம் முறை ஓட்டினாலே, எஞ்சினின் சூட்டையும் காற்றின் வெப்பத்தையும் பொறுத்து அந்த அளவு வேறுபாடு வந்துவிடும். பல வேளை பாலத்தோடு குழாயின் விட்டமும் மாறுகிறது, சைலன்சரும் மாறுகிறது, கெட்டலிடிக் கன்வேட்டரும் காணாமல் போகிறது. நான்கை ஒன்றாக மாற்றிவிட்டு, பலனை ஒன்றின் பெயரில் எழுதுவதைச் சோதனை என்று ஏற்க முடியாது.

காதால் தீர்ப்புச் சொல்வது இதைவிடவும் தவறு. ஒரு சிலிண்டரின் புகை விரிய இரண்டு சைலன்சர்களும் கிடைப்பதால், பாலம் போட்ட வண்டியின் சத்தம் பெரும்பாலும் குறையவே செய்யும். இரைச்சலைத் தணிக்க உதவும் ஓர் உறுப்பை இரைச்சலுக்காக வாங்குகிறார்கள். “அதிக சத்தம் உயிரைக் காக்கும், மற்றவர் விலகுவார்கள்” என்பார்கள். புகைக்குழாயின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. எதிரே வரும் லொறிக்காரருக்கு அது கடைசியாகக் கேட்கும். கடந்துபோன வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு முழுதாகக் கேட்கும்.

ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் இணைப்பதற்கு இன்னொரு சிலிண்டரே இல்லை. இரண்டு வாய் வைத்த சைலன்சர் அங்கே எந்தக் கேள்விக்கும் விடையாகாது. பஜாஜ் நிறுவனம் தன் சில வண்டிகளின் பெண்ட் பைப்பில் எக்ஸோஸ்டெக் என்ற சிறு அறையை வைத்தது. குறைந்த சுழற்சியில் திரும்பும் அலையைப் பயன்படுத்தி இழுவையைக் கூட்டத்தான் அந்த அறை. சந்தைக்கும் வயலுக்கும் போகும் வண்டிக்கு வேண்டிய இழுவை அந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது. அந்தப் பைப்பை வெட்டி நேர்க்குழாய் பூட்டுகிறவர், தனக்குத் தேவையான இடத்தில் இழுவையை இழந்து, தேவையில்லாத இடத்தில் சத்தத்தை வாங்குகிறார்.

துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியைக் காதோடு சேர்த்து, மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைக் கேட்ட ஊர்கள் இந்தப் பக்கத்தவை. கூர்ந்து கேட்பது நமக்குப் புதிதல்ல. தம்பிமாரே, கழற்றிய கம்பனி சைலன்சர் இன்னும் வீட்டில் கிடந்தால் அதையே திரும்பப் பூட்டுங்கள். புதுக் குழாய்க்கு வைத்திருக்கும் காசில் எயார் ஃபில்டரையும் செயினையும் மாற்றுங்கள். இந்தக் கடற்கரை மணலில் முதலில் கெடுபவை அவை இரண்டும்தான்.