நாரை பார்த்த மனிதன்

ஜனவரியில் ஊருக்குப் போனால் எனக்கு இரண்டு வேலைதான். அம்மா அவித்து வைக்கும் பனங்கிழங்கைத் தின்பது, பைனாகுலரை மாட்டிக்கொண்டு குளம் குளமாகச் சுற்றுவது. இரண்டும் ஒரே பாட்டுக்குள் இருப்பது இந்த வருஷம்தான் எனக்கு உறைத்தது.

தனிப்பாடல் திரட்டில் உள்ள சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டைச் சொல்கிறேன். பிழைப்புக்காக மதுரைக்கு வந்த புலவர், வாடைக்காற்றில் போர்த்தத் துணியில்லாமல் நடுங்குகிறார். ஜோடியாகப் பறக்கும் நாரையைக் கூப்பிட்டு, குமரியில் நீராடி வடக்கே திரும்பும்போது எங்கள் ஊர்க் குளத்தில் இறங்கி, என் மனைவியிடம் என்னை இங்கே பார்த்ததாகச் சொல் என்கிறார். வருஷா வருஷம் வாட்ஸப்பில் இது சுற்றி வரும். கூடவே ஒரு தலைப்பு: 'பறவைகளின் வலசையை அன்றே அறிந்த தமிழன்!'

அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் பெருங்குளத்தில் காலையில் நின்றபோது, அந்தப் பாட்டை வைத்தே பறவையைச் சோதித்துப் பார்த்தேன். கண்ணெதிரே இருந்தவை மஞ்சள் மூக்கு நாரைகள். கூந்தன்குளத்தில் கூடு கட்டுகிற நம்மூர்க்காரர்கள். கால் சிவப்பாகத் தெரிந்தாலும் அலகு மஞ்சள். புலவரின் நாரைக்குக் காலும் சிவப்பு, அலகும் சிவப்பு. இரண்டு அடையாளமும், மத்திய ஆசியா போன்ற இடங்களிலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் வரும் செங்கால் நாரைக்குப் பொருந்துகின்றன. அலகுக்கு அவர் தரும் உவமை பிளந்த பனங்கிழங்கு. ஆனால் அவித்த கிழங்கு சிவப்பில்லையே? வடிவத்தைக் கிழங்கிலிருந்து எடுத்தவர், நிறத்தைப் பவளத்திலிருந்து எடுக்கிறார். கிழங்கு தோண்டுவதும் இந்த நாரை வருவதும் ஒரே பருவத்தில்தான். அவர் நன்றாகவே பார்த்திருக்கிறார்.

ஆனால் வாசிப்பு இதோடு நின்றால் அந்தக் கவிதை பறவைக் கையேட்டின் ஒரு பக்கமாகச் சுருங்கிவிடும். எனக்கும் அப்படித்தான் சுருங்கியிருந்தது, மதியம் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போகும்வரை.

பாத்திகளில் மழைத்தண்ணீர் இன்னும் வற்றவில்லை. தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கி, முன்னால் பூநாரைக் கூட்டம். அருமையான ஃபிரேம். வரப்பில் ஒரு பெரியவர் வந்து நின்றார். அவர் படத்துக்குள் வராதபடி நான் ரெண்டு அடி தள்ளி நின்றேன்.

"என்ன தம்பி பாக்கிய?" என்று கேட்டார். பறவை என்றேன்.

"தண்ணி வத்துனாத்தான் எங்களுக்கு வேல. அதுவரைக்கும் அதுகபாடு."

வடகிழக்குப் பருவமழையில் உப்பு வாருவது நின்றுபோகும். அந்த மாதங்களுக்காக 2022 முதல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. இந்த ஊரில் பிறந்த எனக்கு இது தெரியாத விஷயமில்லை. ஆனாலும் பறவைகள் வருகிற காலமும் இவர்களுக்கு வேலையில்லாத காலமும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்கு நல்ல வெளிச்சமாகத் தெரிந்த தண்ணீர், அவருக்குக் கூலி இல்லாத இன்னொரு நாள்.

புலவரின் பாட்டு இந்த இரண்டையும் பிரிக்கவில்லை. நாரையைக் கொண்டுவரும் அதே பருவம்தான் அவரை நடுங்க வைக்கிறது. நாரைக்குத் துணை இருக்கிறது, அவருக்கு இல்லை. நாம் பறவையைப் பார்க்கிறோம். அவரோ தன்னைப் பார்க்கும்படி பறவையிடம் கேட்கிறார். அதிலும் பணம் அனுப்புகிறேன், சீக்கிரம் வருகிறேன் என்றெல்லாம் செய்தி இல்லை. இந்த ஊரில், இந்தக் கோலத்தில் இப்படி ஒருவனைக் கண்டோம் என்று சொன்னால் போதும். கவிதையின் கனம் அங்கேதான் இருக்கிறது. வலசை அறிவை மட்டும் மெச்சிவிட்டுப் போகிறவர்கள், நாரையை வைத்துக்கொண்டு அந்த மனிதனை ஃபிரேமுக்கு வெளியே தள்ளுகிறார்கள். மதியம் நான் செய்ததும் அதைத்தான்.

ராத்திரி இபேர்டில் பட்டியல் ஏற்றினேன். இனம், எண்ணிக்கை, நேரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. கடைசியில் இருந்த குறிப்புப் பெட்டியை எப்போதும் காலியாக விடுவேன். அன்று எழுதினேன்: "பாத்திகளில் தண்ணீர் நிற்கிறது. வரப்பில் ஒரு பெரியவர். வேலை இன்னும் தொடங்கவில்லை."