லீஃப்: இரண்டாம் பதிப்பின் குணதோஷங்கள்

நிஸ்ஸான் கம்பெனியார் 2010ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்குக் கொண்டுவந்த லீஃப் என்னும் மின்சாரக் கார், 2017 செப்டம்பரில் புதிய உருவம் எடுத்து வெளிவந்தபோது, எல்லா வகையிலும் அபிவிருத்தி அடைந்த வண்டி என்று அதைக் கொண்டாடியவர்கள் பலர். அந்தக் கொண்டாட்டத்தில் பாதிக்கு நியாயம் உண்டு. மறு பாதியைப் பற்றித்தான் எனக்கு ஆட்சேபம்.

பழைய வண்டியை இன்று அலட்சியமாகப் பேசுவது சுலபம். அதன் பாட்டரி 24 கிலோவாட் மணி, அதாவது நம் வீட்டு மின்கட்டணக் கணக்கில் 24 யூனிட், கொள்ளக்கூடியது. அமெரிக்க அரசாங்கத்தின் சோதனைப்படி ஒரு முழுச் சார்ஜில் அது ஓடக்கூடிய தூரம் சுமார் 117 கிலோமீட்டர். ஆயினும் அதை வகுத்தவர்கள் எவ்வளவு ஊன்றி யோசித்தார்கள் என்பதற்கு, பலரும் பரிகாசம் செய்த அதன் துருத்திய முகப்பு விளக்குகளே சாட்சி. யந்திரத்தின் இரைச்சல் இல்லாமற் போனதால் பக்கக் கண்ணாடிகளில் காற்று மோதும் ஓசை காதில் உறுத்துகிறது என்று கண்டு, எதிர்வரும் காற்றைப் பிளந்து கண்ணாடிகளை விட்டு விலக்குவதற்காகவே அவ்விளக்குகளை அவ்வாறு மேடாக அமைத்தார்கள்.

அப்படிப்பட்டவர்கள் உஷ்ண விஷயத்தில் ஏன் அவ்வளவு துணிந்தார்கள் என்பது ஆச்சரியந்தான். மோட்டாருக்கும் அதை இயக்கும் இன்வெர்ட்டருக்கும் குழாய் வழியே திரவம் ஓடிச் சூட்டைத் தணிக்கும்படி ஏற்பாடு செய்தவர்கள், வண்டியிலேயே விலை உயர்ந்த உறுப்பாகிய பாட்டரிக்கு மட்டும் திரவமோ விசிறியோ வைக்காமல், 192 தட்டையான செல்களையும் ஒரு மூடிய பெட்டிக்குள் அடுக்கி, சூடு தானாக வெளியேறட்டும் என்று விட்டுவிட்டார்கள். குளிர்ந்த ஊர்களில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில், பீனிக்ஸ் நகரத்துக் கோடையில், 2012ஆம் வருஷத்திலேயே முறையீடுகள் எழுந்தன. பாட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்ட 12 கட்டங்கள் கொண்ட அளவி ஒன்று இருந்தது. அதில் முதற் கட்டம் மறைய ஏறக்குறைய 15 சதவீத சக்தி குறையவேண்டும், பின்னர் ஒவ்வொன்றுக்கும் ஆறேகால் சதவீதம் குறைந்தால் போதும். முதல் நஷ்டத்தை வண்டிக்காரனுக்கு இயன்ற மட்டும் தாமதமாகத் தெரிவிக்கும் இந்தக் கணக்கை நான் நேர்மையான கணக்கு என்று சொல்லமாட்டேன். பிறகு, ஐந்து வருஷத்துக்குள் அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது கட்டங்களுக்குக் கீழே போனால் பழுது பார்த்துத் தருவதாகக் கம்பெனியார் உத்தரவாதம் அளித்தார்கள். 2015ஆம் வருஷத்து வண்டியில் வெப்பத்தை அதிகம் தாங்கும் செல்களையும் வைத்தார்கள். 2015ஐ ஒட்டிய வருஷங்களில் ஜப்பானிலிருந்து இலங்கைக்கு ஏராளமாக வந்திறங்கிய பழைய லீஃப் வண்டிகளை வாங்க நினைத்தவர், பெயின்டைப் பார்க்குமுன் அந்தக் கட்டங்களை எண்ணிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

புதிய வண்டிக்கு வருவோம். பாட்டரி 40 யூனிட் ஆயிற்று. அதே அமெரிக்கச் சோதனையில் 243 கிலோமீட்டர் ஓடிற்று. மோட்டாரின் பலம் 80 கிலோவாட்டிலிருந்து 110க்கு உயர்ந்தது. 2019இல் 62 யூனிட் கொள்ளும் வண்டியும் வந்தது. இவற்றைவிட எனக்கு விசேஷமாகப் படுவது ஒற்றை மிதி ஏற்பாடு: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே வேகம் தணிந்து, முற்றிலும் நின்று, மேட்டுச் சரிவிலும் பின்வாங்காமல் நிற்கிறது. சந்திக்குச் சந்தி நின்று புறப்படும் நகரப் பிரயாணத்தில் இது சாமானிய சௌகரியம் அன்று. ஸ்டியரிங் சக்கரத்தை மேலும் கீழும் சாய்க்கலாமேயன்றி முன்னுக்கு இழுக்க முடியாது என்ற பழைய அசௌகரியம், வந்த புதிதில், அப்படியே தொடர்ந்தது. அது சின்ன விஷயம்.

பெரிய விஷயம், பாட்டரிப் பெட்டி இம்முறையும் குளிரூட்டும் ஏற்பாடின்றியே வந்ததுதான். கம்பெனியார் நோயைத் தீர்க்காமல் உடம்பைப் பருக்க வைத்தார்கள். அந்த உபாயத்தில் அர்த்தமில்லாமலும் இல்லை: 40 யூனிட் பாட்டரி கால் பங்கு தேய்ந்தாலும் 30 யூனிட் மிஞ்சும், அது பழைய வண்டி புதிதாக இருந்தபோது கொண்டதைவிட அதிகம். ஆனால் தூரம் கூடியவுடன் மனிதன் தூரப் பிரயாணத்துக்கு ஆசைப்படுகிறான். பழைய லீஃபில் ஒரே நாளில் நானூறு கிலோமீட்டர் போக யாரும் எளிதில் எண்ணியிருக்கமாட்டார்கள், புதியதில் எண்ணினார்கள். வேகமாக நெடுஞ்சாலையில் ஓட்டி, வழியில் 50 கிலோவாட் சார்ஜரில் செருகினால், முதல் தடவை சார்ஜ் விறுவிறுவென்று ஏறுகிறது. ஓட்டத்தாலும் சார்ஜாலும் ஏறிய சூடு இறங்க மணிக்கணக்காகும் ஆகையால், இரண்டாம் தடவை செருகும்போது வண்டி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ தானே குறைத்துவிடுகிறது. ஐரோப்பாவில் இதைப் பற்றிக் கூக்குரல் எழுந்ததும் மென்பொருளைத் திருத்தி ஓரளவு பரிகாரம் செய்தார்கள். பெட்டிக்குள் அடைபட்ட சூட்டை மென்பொருள் வெளியேற்றுமா?

இந்த எளிமைக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு என்பதை மறைப்பது திறனாய்வுக்கு அழகல்ல. பாட்டரியைச் சுற்றிப் பம்பு இல்லை, குழாய் இல்லை, கசிவு இல்லை. விலையும் அடக்கமாக இருந்தது. இரவில் வீட்டில் செருகிவைத்துப் பகலில் ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு மேற்சொன்ன குற்றம் ஆயுள் முழுவதும் தென்படாமலே போகலாம். அவரளவில் புதிய வண்டி பழையதைவிடச் சிறந்ததென்பதில் எனக்கு ஐயமில்லை. சாடெமோ என்னும் ஜப்பானியச் சார்ஜ் முறையைக் கைவிடாததிலும் ஒரு நன்மை இருந்தது: அதன் வழியே வண்டியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் பாய்ச்சும் வசதி 2012 முதலே ஜப்பானில் உண்டு, பூகம்ப பூமியில் அதன் மதிப்பைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மற்றவர்கள் வேறு செருகிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அங்கே புதிய சார்ஜ் நிலையங்களில் லீஃபுக்கு உரிய குழல் அருகிவந்தது. தூரம் போகலாம் என்று வாங்கியவருக்கு இது சூட்டோடு சேர்ந்த இரண்டாவது தடை. நிஸ்ஸானாரே தம் அரியா வண்டிக்கு அந்த நாடுகளில் சாடெமோவைத் துறந்து, பாட்டரிக்குத் திரவக் குளிர்ச்சியும் கொடுத்தார்கள் என்றால், தவறு எங்கே என்பது அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

2025 ஜூனில் அறிமுகமான மூன்றாவது லீஃபுக்குத்தான், முதல் வண்டி பிறந்து ஏறக்குறைய பதினைந்து வருஷம் கழித்து, பாட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் பாக்கியம் வாய்த்தது. அந்த வண்டியிலும் ஒரு விசித்திரம்: அமெரிக்காவில் விற்கப்படுவதில் வேகச் சார்ஜுக்கான துளை ஒரு பக்கமும், வீட்டுச் சார்ஜுக்கான துளை மறுபக்கமுமாக அமைந்திருக்கின்றன, வண்டிக்காரர் இன்றைக்கு எந்தச் சார்ஜர் என்று நினைத்துக்கொண்டே நிறுத்தவேண்டியிருக்கிறது.