சால்ட் ரெய்ன் – சுசீலா ராமனின் முதல் இசைத்தொகுப்பு

‘சால்ட் ரெய்ன்’ 2001-ஆம் ஆண்டு வெளிவந்த இசைத்தொகுப்பு. தலைப்பைத் தமிழில் ‘உப்பு மழை’ எனலாம். பாடியவர் சுசீலா ராமன். தஞ்சாவூரைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தில் 1973-இல் லண்டனில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்துடன் ஆஸ்திரேலியா சென்று அங்கு வளர்ந்தவர். இளமையில் கர்நாடக இசை பாடியவர், பிறகு ராக், ப்ளூஸ் இசைக்குத் திரும்பினார். 1995-இல் இந்தியா வந்து ஷ்ருதி சடோலிகரிடம் இந்துஸ்தானி இசை பயின்றார். இங்கிலாந்து திரும்பியபின் கிதார் கலைஞர் சாம் மில்ஸுடன் சேர்ந்து இத்தொகுப்பை உருவாக்கினார். அவ்வாண்டின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இது இடம்பெற்றது. பரிசு பி.ஜே. ஹார்விக்குச் சென்றது. (அறிவிப்பு நாள் செப்டம்பர் 11, அன்று யாருக்கும் பாட்டு நினைவில் இருந்திருக்காது.) 2002-இல் பிபிசி ரேடியோ 3 வழங்கிய உலக இசை விருதுகளில் சிறந்த புதுமுகமாகச் சுசீலா தேர்வானார்.

தியாகராஜரின் ‘நகுமோமு’, முத்துசாமி தீட்சிதரின் ‘மகாகணபதிம்’, மைசூர் வாசுதேவாச்சாரியாரின் ‘மாமவது’ ஆகிய கீர்த்தனைகள் இதில் உள்ளன. மிருதங்கமும் வயலினும் இருக்க வேண்டிய இடத்தில் கிதார், செல்லோ, தபலா ஆகியவற்றுடன் கேமரூன் நாட்டு ஹிலேர் பெண்டாவின் பேஸ் கிதாரும் கினி-பிசாவு நாட்டு ஜனுனோ டாபோவின் தாளக்கருவிகளும் ஒலிக்கின்றன. கச்சேரி கேட்டுப் பழகியவர் முதல் நிமிடத்திலேயே ‘கீர்த்தனையைக் கெடுத்துவிட்டார்’ என்று எழுந்துவிடக்கூடும். ‘ஃப்யூஷன்’ என்ற ஒரே சொல்லில் பாராட்டி முடிப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் பாட்டை முழுதாகக் கேட்கவில்லை என்பது என் எண்ணம்.

நாட்டார் இசையையும் ராக் இசையையும் கலப்பது உலகெங்கும் நடந்ததே. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் லோஸ் ஹைவாஸ் குழுவினர் ஆண்டிஸ் மலைமக்களின் குழல்களையும் மின்கிதாரையும் ஒன்றாக ஒலிக்கச் செய்தார்கள். அவர்களுடைய முதல் தொகுப்பு 1971-இல் வந்தது. மலைமக்களின் மெட்டுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. பாடுகிற ஒவ்வொருவரும் அதை மாற்றலாம். எங்கள் சோழவந்தான் பக்கத்தில் முளைப்பாரிப் பாட்டும் அப்படித்தான். கும்மி அடிக்கும் பெண்கள் அடிகளைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், யாரும் தவறு என்று சொல்வதில்லை. கீர்த்தனை வேறு வகை. அதற்கு ராகம், தாளம் வகுக்கப்பட்டிருக்கிறது. பாட்டுக்குள்ளேயே ஆசிரியரின் முத்திரை இருக்கிறது. கற்பிக்கும் குருவழி இருக்கிறது. சுசீலா செய்தது, முத்திரை உள்ள பாட்டை முத்திரை இல்லாத நாட்டார் பாட்டைப் போல நடத்தியது. சாம் மில்ஸ் இதற்கு முன் வங்காளத்தின் பபன் தாஸ் பாவுலுடன் சேர்ந்து 1997-இல் ‘ரியல் ஷுகர்’ என்ற தொகுப்பைச் செய்தவர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பாவுல் பாட்டுக்குக் கிதார் வாசித்த கை அது.

இந்த அணுகுமுறை ‘நகுமோமு’வில் பலிக்கிறது. உன் சிரித்த முகத்தைக் காணாமல் நான் படும் துன்பம் உனக்குத் தெரியாதா, கருடன் வர மறுத்தானா, வானிலிருந்து பூமி வெகுதூரம் என்றானா என்று இராமனிடம் கேட்கும் பாட்டு அது. மேடையில் சங்கதிகள் அடுக்கடுக்காக வரும்போது வித்வத்தை ரசிக்கிறோம். கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. சுசீலாவின் தாழ்ந்த, சற்றே கரகரத்த குரலில் அது மீண்டும் கேள்வியாகிறது. தெலுங்கு தெரியாதவருக்கும் யாரோ யாரையோ அழைக்கிறார் என்பது புரியும்.

‘ராகம் போயிற்று’ என்பவர்களுக்கு ஒரு செய்தி. இன்று நாம் கேட்கும் ஆபேரியே தியாகராஜர் காலத்து ஆபேரி அல்ல. பழைய முறையில் சுத்த தைவதம். சதுச்ருதி தைவதத்துடன் பாடுவது பின்னாளில் வந்து, முசிறி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டால் நிலைபெற்றது. காம்போதியில் அமைந்த ‘மரிமரி நின்னே’ கீர்த்தனையை இளையராஜா ‘சிந்து பைரவி’ (1985) படத்தில் சாரமதி ராகத்தில் அமைத்து, ஒரு நாட்டுப்புற மெட்டிலிருந்து அதற்குள் நுழைய வைத்ததைத் தமிழ்நாடே கொண்டாடியது. கர்நாடக மேடையின் வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். ஆக, மாற்றினாரா என்று கேட்பதில் பயனில்லை. மாற்றியதால் பாட்டுக்கு என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் ‘மகாகணபதிம்’ தேறவில்லை என்றே சொல்வேன். நாட்டை ராகத்துக்கு உயிர் அதன் ஷட்சுருதி ரிஷபமும் விறைப்பான நடையும். இங்கே தாளச் சுழற்சி முன்னால் நிற்க, ராகம் அதன் மேல் மிதக்கிறது. தீட்சிதரின் சமஸ்கிருதச் சொற்கள் பொருளை இழந்து வெறும் ஓசையாகின்றன. அந்த ஓசை இனிமையானது, கால் தாளம் போடும். ஆனால் ‘நகுமோமு’வில் நமக்குப் புதிதாக ஒன்று கிடைத்ததே, அது இதில் இல்லை. ‘மாமவது’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இந்தோளம் ஐந்தே சுரம் கொண்ட ராகம் என்பதால் கிதாரோடு சண்டையில்லாமல் இணங்கிப் போகிறது.

ஆங்கிலப் பாடல்களில் இரண்டு கவனிக்கத்தக்கவை. ஒன்று, 1967-இல் வந்த டிஸ்னியின் ‘தி ஜங்கிள் புக்’ படத்தில் மலைப்பாம்பு பாடும் ‘ட்ரஸ்ட் இன் மீ’. இந்தியக் காட்டைப் பற்றி ஹாலிவுட் செய்த வேடிக்கைப் பாட்டு, இந்திய வம்சாவளிப் பெண்ணின் குரலில் நிஜமாகவே மயக்குகிறது. இதில் ஒரு குறும்பு இருக்கிறது. மற்றொன்று, டிம் பக்லி 1970-இல் வெளியிட்ட ‘சாங் டு தி சைரன்’. கடலோடிகளைப் பாடி மயக்கும் கிரேக்கப் புராணப் பெண்ணை நோக்கிய பாட்டு. ‘நகுமோமு’வையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் வராதவரை அழைக்கும் பாட்டுகள். தொகுப்பின் கட்டுக்கோப்பு இந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது, ‘கிழக்கு – மேற்கு’ என்ற விளம்பரச் சொல்லில் இல்லை.

குறை என்று ஒன்று சொல்லவேண்டுமானால், தஞ்சாவூர் வேர் கொண்ட பாடகியின் முதல் தொகுப்பில் மையமாக நிற்கும் கீர்த்தனைகள் தெலுங்கும் சமஸ்கிருதமுமே. கச்சேரி மேடையின் மொழி வழக்கம் அப்படியே அவரோடு கடல் கடந்து போயிருக்கிறது. 2007-இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போன்றோரின் ராக் பாடல்களைத் தம் வழியில் பாடிய பிறகு, 2011-இல் ‘வேல்’ என்ற தொகுப்பில் தமிழ் முருகன் பாடல்களுக்கு வந்து சேர்ந்தார். கோயில் வாசலிலும் பாதயாத்திரையிலும் பலரும் சேர்ந்து பாடும் பாட்டு மரபு அது. அங்கே மின்கிதார் கீர்த்தனையில் போலத் தயங்கி நிற்கவில்லை; கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்ந்துகொள்கிறது.