வள்ளி கதையில் இயற்கையும் பருவமெய்தலும்

பூப்பெய்துதல் உடலில் நிகழும் மாற்றம் மட்டுமன்று. ஒரு சிறுமிக்குச் சமுதாயம் எந்த இடத்தை அளிக்கப் போகிறது என்பதைக் காட்டும் கட்டமும் அதுவே. தொன்மங்கள் இக்கட்டத்தை இயற்கையினின்றும் பிரித்துப் பேசுவதில்லை.

புஷ்மன் எனப்படும் தென்னாப்பிரிக்கச் சான் மக்களின் கதைகளை 1870களில் பிளீக், லூசி லாய்ட் ஆகிய இருவரும் கேட்டு எழுதினர். அவற்றுள் ஒரு பகுதி 1911இல் நூலாக வெளிவந்தது. அக்கதைகளுள் ஒன்றில், பூப்பெய்திக் குடிசையில் தனித்திருந்த பெண் சாம்பலை அள்ளி வானில் வீசுகின்றாள், அது பால்வீதியாகின்றது. மற்றொன்றில், தனித்திருக்க வேண்டியவள் விதியை மீறியதால் நீரின் சினத்துக்கு ஆளாகித் தன் சுற்றத்தாருடன் தவளையாகின்றாள். பருவமெய்திய பெண்ணிடம் வானையும் மழையையும் தொடும் ஆற்றல் உண்டென அம்மக்கள் நம்பினர். அவளைத் தனித்து வைத்தது இகழ்ச்சியால் அன்று, அச்சங் கலந்த மதிப்பினால் என்பது இதனால் விளங்கும்.

தமிழில் இதற்கு இணையாக வைத்து எண்ணத்தக்கது வள்ளி கதை. நற்றிணையின் 82ஆம் பாட்டிலேயே முருகனொடு கூடிய வள்ளி உவமையாக வருகின்றாள். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் அவள் திருமணத்தையே இறுதிப் படலமாகக் கொண்டு நிறைவுறுகின்றது. உயிர் இறைவனை அடையும் தத்துவமாக மட்டும் இக்கதையை விளக்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவ்விளக்கம் தவறன்று. எனினும், கதையின் மண்ணை அது மறைத்துவிடுகின்றது.

வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்தவள். பருவம் வந்ததும் குறவர் அவளைத் தினைப்புனத்துப் பரண்மீது ஏற்றுகின்றனர். குலத்தின் உணவு முழுவதும் அவளது காவலில் விடப்படுகின்றது. அவள் கையில் கவண். அவள் குரலுக்குக் கிளிகள் அஞ்சிப் பறக்கின்றன. சான் பெண்ணைக் குடிசை மறைக்கின்றது. குறமகளையோ பரண் உயர்த்திக் காட்டுகின்றது.

நம்பி வரும்போது முருகன் வேங்கை மரமாய் நிற்பதும் வெறும் மாயமன்று. குறிஞ்சிப் பாடல்களில் வேங்கை பூத்தால் தினை முற்றிற்று என்பது பொருள். காவல் முடிந்து மகள் வீடு திரும்பும் காலமும் மணத்திற்குரிய காலமும் அதுவே. ஆகவே, காதலன் மரமாகி நின்றான் என்பதைப் பருவமே வந்து நின்றது என்றும் கொள்ளலாம்.

இனி நம்மிடத்துக்கு வருவோம். சுங்கை பூலோ என்ற பெயருக்கு மூங்கிலாறு என்பது பொருள். தினை விளையாத இம்மண்ணில், பிரேசிலிலிருந்து வந்த ரப்பர் மரங்களிடையே நம் முன்னோர் வாழ்ந்தனர். அவ்வாழ்விலும் தாய்மாமன் பச்சை ஓலையால் குச்சு கட்டும் வழக்கம் தொடர்ந்தது. காட்டின் ஒரு சிறு துண்டு அந்த ஓலையில் எஞ்சியிருந்தது. இன்று மண்டபத்து மேடையில் நிழற்படத்திற்காகவே அமைக்கப்படும் அலங்காரத்தில் அதுவும் மறைந்து வருகின்றது.

பச்சை ஓலை போய்விட்டது. அது பெரிய இழப்பன்று என்பாரும் உளர். ஆனால், அன்று வள்ளிக்குப் பரணும் கவணும் தரப்பட்டன. இன்று நாம் மகளுக்குப் பட்டும் பொன்னும் தருகின்றோம். எதைக் காக்கும் பொறுப்பைத் தருகின்றோம்? அருகிலுள்ள பத்துமலையில் வள்ளி மணாளனை வணங்கும் நாம், வள்ளி அமர்ந்த பரணையும் நினைந்து பார்த்தல் நன்று.